எத்தனை டிகிரியில்?

கப்பலின் பிரதான எஞ்சினில் எரியும் கனரக எண்ணெயை முதன்முறையாகப் பார்ப்பவர்கள் அது எரிபொருள் என்றே நம்புவதில்லை. கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாவற்றையும் வடித்தெடுத்த பிறகு சுத்திகரிப்பு ஆலையில் அடியில் தங்கும் கறுப்பு மிச்சம் அது. சாதாரண அறை வெப்பத்தில் ஒரு வாளியில் எடுத்துச் சாய்த்தால், கம்பிப் பதத்தில் நிற்கும் வெல்லப் பாகு மாதிரி இறங்கும். அதே எண்ணெய்தான் இன்ஜெக்டரின் சின்னத் துளைகள் வழியாகப் பாய்ந்து, நுண்துளிகளாகச் சிதறி, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் எரிந்து முடிய வேண்டும். இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே இருப்பது வெப்பம் மட்டும்தான். எவ்வளவு வெப்பம் என்பதைச் சொல்வது ஒரு கணக்கு. கடலில் எஞ்சினியராக இருந்த காலம் முழுவதும் அந்தக் கணக்கோடுதான் வாழ்ந்தேன். இப்போது கரையில் இளைஞர்களுக்குப் பாடம் எடுக்கும்போதும் முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான்.

எண்ணெயின் பாகுநிலையை, அதாவது விஸ்காசிட்டியை, நாங்கள் சென்டிஸ்டோக்ஸ் என்ற அலகில் சொல்வோம். 20 டிகிரி செல்சியஸில் தண்ணீரின் பாகுநிலை ஏறக்குறைய 1 சென்டிஸ்டோக்ஸ். பெரிய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினின் ஃப்யூவல் பம்புக்குள் நுழையும்போது கனரக எண்ணெய் 10 முதல் 15 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருக்க வேண்டும். பெரும்பாலான கப்பல்களில் 13 என்று வைத்திருப்போம். எரிபொருள் கொண்டுவந்து தரும் பங்கர் கப்பலிலிருந்து நாங்கள் வாங்கும் எண்ணெயோ '380' என்ற பெயரில் வரும். அதாவது 50 டிகிரியில் 380 சென்டிஸ்டோக்ஸ் வரை இருக்கலாம்.

இந்த '50 டிகிரியில்' என்பதை விட்டுவிட்டால் 380 என்ற எண்ணுக்கு அர்த்தமே இல்லை. என் மாணவர்கள் யாராவது "இந்த எண்ணெய் 380 சார்" என்றால், "எத்தனை டிகிரியில்?" என்று கேட்காமல் விடமாட்டேன். கடல் எரிபொருளுக்கான ஐஎஸ்ஓ 8217 தரநிலையே இதற்கு நல்ல சாட்சி. 1996 பதிப்பில் 'ஆர்எம்ஜி 35' என்ற பெயரில் இருந்த எண்ணெய், 2005 பதிப்பில் 'ஆர்எம்ஜி 380' ஆனது. எண்ணெய் மாறவில்லை. முன்பு 100 டிகிரியில் அளந்த எண்ணை எழுதினார்கள், பிறகு 50 டிகிரியில் அளந்ததை எழுதினார்கள். அதற்கும் முந்தைய தலைமுறைக்காரர்கள் இதே எண்ணெயை '3500 செகண்ட்' என்பார்கள். 100 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ரெட்வுட் விஸ்காமீட்டரிலிருந்து 50 மில்லிலிட்டர் எண்ணெய் ஒழுகி முடிக்க எடுக்கும் விநாடிகள் அவை. நம் ஊரில் மெக்கானிக்கல் படித்தவர்கள் அந்தப் பித்தளைக் கருவியை லேபில் பார்த்திருப்பார்கள். 35, 380, 3500 என்று மூன்று எண்கள் சொன்னாலும் தொட்டியில் இருப்பது ஒரே எண்ணெய்தான்.

வெப்பம் ஏற ஏற எண்ணெய் இளகும் என்பது யாருக்கும் தெரியும். எப்படி இளகுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. '380' எண்ணெய் 20 டிகிரியில் 4,300 சென்டிஸ்டோக்ஸைத் தாண்டும். 30 டிகிரியில் 1,700 ஆகும். 40-இல் 765, 50-இல் 380. அதாவது 40-இலிருந்து 50-க்கு வந்தால் பாதியாகிவிடுகிறது. ஆனால் 130-இலிருந்து 140-க்குப் போனால் 14.5 என்பது 11.4 ஆகிறது, அவ்வளவுதான். அதே பத்து டிகிரி ஓரிடத்தில் 385 சென்டிஸ்டோக்ஸைச் சாப்பிடுகிறது, இன்னோரிடத்தில் மூன்றை. எண்ணெயின் நீண்ட மூலக்கூறுகள் குளிரில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. சூடேறும்போது அசையத் தேவையான ஆற்றல் கிடைத்து வழுக்கத் தொடங்குகின்றன. முதலில் கிடைக்கும் கொஞ்சம் வெப்பமே பெரிய சிக்கலை அவிழ்த்துவிடுகிறது. அதன் பிறகு அவிழ்க்க அதிகம் மிச்சமிருப்பதில்லை.

இப்படிச் செங்குத்தாக விழுந்து பிறகு தரையோடு தவழும் வளைகோட்டை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. அதை நேர்கோடாக்க வேண்டும். 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் ஆலிவ் எண்ணெயை அளந்து, ஓர் அடுக்குச் சார்பால் இந்தச் சரிவை எழுதிக் காட்டினார். சிறிய வெப்ப இடைவெளிக்குள் அது பொருந்தும், அகன்ற இடைவெளியில் விலகிவிடும். 1920-களில் அமெரிக்காவில் மெக்கூலும் ஜெர்மனியில் வால்தரும் கண்ட வடிவம்தான் இன்றுவரை நிற்கிறது. ஏஎஸ்டிஎம் டி341 என்ற தரநிலையின் அடிப்படையும் அதுவே. பாகுநிலையோடு 0.7-ஐக் கூட்டு. அதற்கு மடக்கை எடு. வந்த விடைக்கு இன்னொரு முறை மடக்கை எடு. கெல்வினில் எழுதிய வெப்பநிலைக்கு ஒரே ஒரு மடக்கை எடு. இரண்டையும் எதிரெதிராக வரைந்தால் நேர்கோடு வரும்.

மடக்கை மடக்கை (பாகுநிலை + 0.7) = அ − ஆ × மடக்கை (வெப்பநிலை)

'அ' கோடு எங்கே நிற்கிறது என்பதைச் சொல்கிறது. 'ஆ' எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. எண்ணெயின் குணம் முழுவதும் இந்த இரண்டு எழுத்துகளுக்குள் அடங்கிவிடுகிறது. எஞ்சின் கன்ட்ரோல் ரூம் சுவரில் ஒட்டியிருக்கும் பாகுநிலை வரைபடம், இந்தச் சமன்பாட்டுக்காகவே கோடு போட்ட தாள்தான். அதன் செங்குத்து அச்சில் எண்கள் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் நிற்பது இரட்டை மடக்கையால்தான்.

தூத்துக்குடிப் பையன் ஒருவன் ஃபோர்த் எஞ்சினியராக என்னிடம் வந்திருந்தான். பங்கர் எடுத்து முடித்த இரவு, ரசீதோடு அவனைக் கன்ட்ரோல் ரூமில் உட்காரவைத்தேன்.

"சார், இதுக்கு போன்லயே ஆப் இருக்கே?"

"இருக்கட்டும் தம்பி. ஆப் தப்பாச் சொன்னா உனக்கு எப்படித் தெரியும்? ஒரு தடவை கையால போடு."

கால்குலேட்டரை எடுத்தான். 380-உடன் 0.7 சேர்த்தால் 380.7. லாக் பொத்தானை அழுத்தினால் 2.5806. இன்னொரு முறை அழுத்தினால் 0.4117. 50 டிகிரி என்பது 323.15 கெல்வின், அதன் மடக்கை 2.5094. இது ஒரு புள்ளி. கோடு வரைய இன்னொரு புள்ளி வேண்டும். இந்த வகை எண்ணெய் 100 டிகிரியில் ஏறக்குறைய 35 என்று பழைய பெயரே சொல்கிறது. 35.7-க்கு இரட்டை மடக்கை 0.1911. 373.15 கெல்வினின் மடக்கை 2.5719. மேலே 0.2206 இறக்கம், கீழே 0.0625 நகர்வு. வகுத்தால் சாய்வு 3.53.

இனி வேண்டியது 13. 13.7-இன் இரட்டை மடக்கை 0.0557. 0.4117-இலிருந்து அங்கே இறங்க 0.3560 வேண்டும். 3.53-ஆல் வகுத்தால் 0.1008. அதை 2.5094-உடன் கூட்டினால் 2.6102. மடக்கையைத் திருப்பினால் 407.6 கெல்வின். 273.15-ஐக் கழித்தான். "134 டிகிரி சார்" என்றான். சுவரில் இருந்த வரைபடத்தில் விரலை வைத்துக் கோட்டோடு ஓடினான். அங்கேயும் 134-ஐ ஒட்டித்தான் நின்றது. அவன் முகத்தில் வந்த சந்தோஷத்துக்காகவே இதைச் சொல்லிக்கொடுக்கலாம்.

இந்த ஒரு கோட்டை வைத்துக்கொண்டு எஞ்சின் ரூமில் பல முடிவுகளை எடுத்துவிடலாம். எண்ணெய் 1,000 சென்டிஸ்டோக்ஸுக்கு மேல் போனால் டிரான்ஸ்ஃபர் பம்ப் இழுக்கத் திணறும். கோட்டில் 1,000 வரும் இடம் 36 அல்லது 37 டிகிரி. அதனால்தான் அடித்தொட்டியை 40 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருக்கிறோம். பியூரிஃபையருக்கு 98 டிகிரியில் அனுப்புகிறோம். அங்கே பாகுநிலை 37 அல்லது 38-க்கு வந்துவிடுவதால் தண்ணீரும் கசடும் பிரிந்து வெளியேற வழி கிடைக்கிறது. எஞ்சின் வாசலில் 15 வேண்டுமென்றால் 129 டிகிரி, 10 வேண்டுமென்றால் 146. மேலே போகப் போக ஹீட்டர் குழாய்களில் கரி படியத் தொடங்கும். 150-ஐத் தொடவிடக் கூடாது. அந்த வெப்பத்தில் எண்ணெயிலுள்ள ஈரம் கொதித்து ஆவியாகிவிடக் கூடாது என்பதற்காகவே சுற்றுக் குழாயில் 7, 8 பார் அழுத்தம் வைத்திருக்கிறோம். ஆக, எஞ்சின் ரூமில் நாம் வைக்கும் ஒவ்வொரு வெப்பநிலைக்கும் காரணம் இந்தக் கோட்டிலேயே இருக்கிறது.

"எல்லாவற்றையும் விஸ்காசிட்டி கன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளுமே, கணக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்வேன். ஒரு கப்பலில் நான் பொறுப்பேற்ற சில நாள்களுக்குள், எக்ஸாஸ்ட் வெப்பநிலை எல்லா சிலிண்டர்களிலும் மெல்ல ஏறிக்கொண்டு வந்தது. கன்ட்ரோலர் திரையில் பாகுநிலை 13, ஆடாமல் அசையாமல் நின்றது. ஆனால் ஹீட்டரிலிருந்து வெளியே வரும் எண்ணெயின் வெப்பநிலை 118. கணக்குப்படி 134 இருக்க வேண்டும். இதற்கு இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும். ரசீதில் எழுதியிருப்பதைவிட இளகிய எண்ணெய் வந்திருக்க வேண்டும், அல்லது கருவி பொய் சொல்ல வேண்டும். கப்பலிலிருந்த சோதனைப் பெட்டியில், பங்கர் எடுக்கும்போது வைத்த மாதிரியை 50 டிகிரியில் வைத்துப் பார்த்தோம். 380-ஐ ஒட்டியே வந்தது. எண்ணெய் மீது தப்பில்லை.

அந்தக் கன்ட்ரோலர் பழைய வகை. ஒரு சின்ன கியர் பம்ப், மாறாத அளவில் எண்ணெயை நுண்குழாய் வழியாகத் தள்ளும். குழாயின் இரு முனைகளுக்கும் நடுவே உள்ள அழுத்த வேறுபாடுதான் பாகுநிலை. திறந்து பார்த்தால் கியர் பற்கள் தேய்ந்து போயிருந்தன. பம்ப் குறைவாகத் தள்ளியது, அழுத்த வேறுபாடு குறைந்தது, எண்ணெய் உண்மையில் இருப்பதைவிட இளகியிருப்பதாகக் கருவி நினைத்துக்கொண்டது. ஹீட்டரின் ஸ்டீம் வால்வை மூடிக்கொண்டே வந்தது. கோட்டில் 118 டிகிரிக்கு நேரே பார்த்தால் பாகுநிலை 20. அதாவது எஞ்சினுக்கு 20-இல் போய்க்கொண்டிருந்த எண்ணெயைத்தான் திரை 13 என்று காட்டியிருக்கிறது. கெட்டியான எண்ணெய் பெரிய துளிகளாக விழும், தாமதமாக எரியும், எக்ஸாஸ்ட் வால்வைச் சுடும், லைனர் சுவரில் போய் மோதி மசகு எண்ணெய்ப் படலத்தைக் கழுவும். ஸ்பேர் கியர் பம்பை மாட்டிய பிறகு வெப்பநிலை தானாகவே 133, 134-க்கு ஏறி நின்றது. எக்ஸாஸ்ட்டும் இறங்கியது. அன்று எங்களுக்கு வழிகாட்டியது காகிதத்தில் எழுதியிருந்த ஒரே எண்தான். கருவி சொல்வதைச் சரிபார்க்க, கருவிக்கு வெளியே ஓர் எண் வேண்டும். அதை எண்ணெய் தொட்டிக்கு வந்த அன்றே எழுதி வைத்துவிட வேண்டும்.

2015 ஜனவரி 1 முதல் வட கடல், பால்டிக் போன்ற பகுதிகளில் எரிபொருளின் கந்தக அளவு 0.1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. ஆங்கிலக் கால்வாயும் அதற்குள் அடங்கும். எல்லைக்கோட்டைத் தொடுவதற்குள் சூடான கனரக எண்ணெயிலிருந்து மெரைன் கேஸ் ஆயிலுக்கு மாறிவிட வேண்டும். எங்கள் தொழிலில் இதைவிடக் கவனம் கேட்கும் வேலை குறைவு. கேஸ் ஆயில் 40 டிகிரியில் 2 முதல் 6 சென்டிஸ்டோக்ஸ்தான் இருக்கும். எஞ்சின் வாசலில் 2-க்குக் கீழே போகக் கூடாது. 40 டிகிரியில் 2.5 இருக்கும் எண்ணெய், 60 டிகிரியில் 2-க்குக் கீழே இறங்கிவிடும். ஃப்யூவல் பம்பின் பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மைக்ரான் கணக்கு. எண்ணெய் மிக இளகினால் அந்த இடைவெளியில் மசகே இருக்காது. திடீரென்று குளிர்ந்தால் பேரல் சுருங்கிப் பிளஞ்சரைக் கவ்விவிடும். அதனால் நிமிடத்துக்கு 2 டிகிரிக்கு மேல் வெப்பம் மாறக் கூடாது என்பது விதி. 134-இலிருந்து 40-க்கு இறங்க முக்கால் மணி நேரத்துக்கு மேலாகும் என்று அதிலிருந்தே தெரிந்துவிடும்.

இடையில் குழாய்க்குள் இருக்கும் கலவைதான் பலரையும் ஏமாற்றுவது. 50 டிகிரியில் 380 இருக்கும் எண்ணெயோடு, அதே வெப்பத்தில் 2-ஐ ஒட்டிய கேஸ் ஆயிலைச் சரிபாதி கலந்தால் பாகுநிலை என்ன? சராசரி எடுத்தால் 191 என்று தோன்றும். உண்மையில் 11-ஐ ஒட்டித்தான் வரும். சராசரி எடுக்க வேண்டியது பாகுநிலைகளுக்கு அல்ல, அவற்றின் இரட்டை மடக்கைகளுக்கு. அதாவது பாதி கலந்து முடிவதற்குள்ளேயே எண்ணெய் சூடு தேவைப்படாத நிலைக்கு வந்துவிடுகிறது. ஹீட்டரை எப்போது அணைப்பது என்று இளைஞர்கள் கேட்கும்போது இந்த எண்ணைத்தான் காட்டுவேன். கேஸ் ஆயில் வால்வைத் திறந்த பிறகு ஹீட்டரைப் பற்றி யோசித்தால் காலம் கடந்துவிடும்.

2020 ஜனவரி 1 முதல் உலகக் கடல்கள் முழுவதற்கும் 0.5 சதவீதக் கந்தக வரம்பு வந்தது. புதிய குறைகந்தக எண்ணெய்கள் வந்தன. அவற்றோடு பழைய வசதி ஒன்று போய்விட்டது. முன்பு பெரும்பாலான கனரக எண்ணெய்கள் வரைபடத்தில் ஏறக்குறைய இணைகோடுகளாக ஓடின. 50 டிகிரியில் ஓர் எண் தெரிந்தால் போதும், சாய்வை அனுபவத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். புதிய எண்ணெய்கள் பல வகைக் கலவைகள். சிங்கப்பூரில் வாங்கியது ஒரு மாதிரி, ஃபுஜைராவில் வாங்கியது வேறு மாதிரி. '380' என்று கேட்டு வாங்கியதில் 50 டிகிரியில் உண்மையான பாகுநிலை 100 இருக்கலாம். அதற்கு 105 டிகிரி போதும். பழைய பழக்கத்தில் 134-க்குச் சூடேற்றினால் 7-க்குக் கீழே போய்விடும். ரசீதில் இருக்கும் அதிகபட்ச எண்ணை வைத்துக் கணக்குப் போடாமல், ஆய்வறிக்கையில் இருக்கும் அளந்த எண்ணை வைத்துப் போட வேண்டிய காலம் இது. முடிந்தால் இரண்டு வெப்பநிலைகளில் அளந்து கேட்க வேண்டும். ஒரு புள்ளியை வைத்துக் கோடு வரைய முடியாது.

கோட்டுக்கும் எல்லை உண்டு. இந்தப் புதிய எண்ணெய்களில் பலவற்றில் மெழுகு அதிகம். குளிரும்போது ஒரு கட்டத்தில் மெழுகு படிகமாகத் தொடங்கும். அதற்குப் பிறகு எண்ணெய் வெறும் திரவமாக நடந்துகொள்வதில்லை, கோடு சொல்வதைவிடப் பலமடங்கு இறுகிவிடும். அந்த இடத்தில் சமன்பாட்டை நீட்டிப் பார்ப்பது ஆபத்து. உறைநிலைக்கு மேலே பத்து டிகிரியாவது தொட்டியைச் சூடாக வைத்திருப்பதே வழி. மறுமுனையில், பாகுநிலை 2-க்குக் கீழே போகும்போது 0.7 மட்டும் போதாது. தரநிலையே அங்கே கூடுதல் திருத்தங்களைச் சேர்த்திருக்கிறது.

எரிபொருளுக்குச் சொன்னது மசகு எண்ணெய்க்கும் பொருந்தும். டெக்கில் கயிறு இழுக்கும் வின்ச்களுக்கு 'விஜி 46' ஹைட்ராலிக் எண்ணெய் ஊற்றுவோம். 40 டிகிரியில் 46 இருக்கும் சாதாரண எண்ணெய், 0 டிகிரியில் 570-ஐத் தாண்டும். சென்னைத் துறைமுகத்தில் சுறுசுறுப்பாகச் சுற்றிய வின்ச், பால்டிக் குளிரில் ஏன் முனகுகிறது என்பதற்கு இதுவே பதில். இந்தச் சாய்வுக்குத் தனியாக ஒரு மதிப்பெண்ணே வைத்தார்கள், டீனும் டேவிஸும், 1929-இல். வெப்பத்துக்கு அதிகம் அசையாத பென்சில்வேனியா எண்ணெய்க்கு 100, அதிகம் அசைகிற அமெரிக்க வளைகுடாக் கரை எண்ணெய்க்கு 0. உங்கள் மோட்டார் சைக்கிளுக்கு வாங்கும் எஞ்சின் ஆயில் டப்பாவில் 10டபிள்யூ-30 என்று இரண்டு எண்கள் இருக்கின்றனவே, அதுவும் இதே கதைதான். முதல் எண் குளிருக்கு, இரண்டாவது சூட்டுக்கு.

இன்று கப்பலுக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் திரைகளும் சென்சார்களும் எங்களுக்குக் கிடைத்ததில்லை. அவை வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஒவ்வொரு பங்கருக்குப் பிறகும் லாக் புத்தகத்தில் மூன்று வெப்பநிலைகளைக் கையால் கணக்குப் போட்டு எழுதச் சொல்கிறேன்: தொட்டியிலிருந்து இழுக்க, பியூரிஃபையருக்கு அனுப்ப, எஞ்சினுக்குள் விட. பத்து நிமிட வேலை. எழுதிய எண்ணுக்கும் மீட்டர் காட்டும் எண்ணுக்கும் நடுவே ஐந்து டிகிரி இடைவெளி வந்தால், காரணம் தெரியும்வரை வாட்ச்சை அடுத்தவனிடம் ஒப்படைக்காதே என்கிறேன். அந்த இடைவெளியில் இருப்பது தேய்ந்த கியராக இருக்கலாம், ரசீதுக்குப் பொருந்தாத எண்ணெயாக இருக்கலாம், அழுக்கேறிய ஹீட்டராக இருக்கலாம். எதுவானாலும் எக்ஸாஸ்ட் வால்வு கருகுவதற்கு முன்னாலேயே அது அங்கே தெரிந்துவிடும்.